ஒரு அடி பிசகாமல்

அடுத்தவர் வேலையில் பேர் வாங்கியே மேனேஜரானவர் அவர். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, செல்போனில் பாட்டை ஓடவிட்டு, கூடவே புது எலக்ட்ரானிக் டிரம்ஸை வெளுத்து வாங்கினார்.

பாட்டு முடிந்ததும் வியர்வையைத் துடைத்தார்.

"ஒரு அடி பிசகல! பாட்டுல அடிக்கிறவனும் நானும் ஒரே ஆளு மாதிரியே இருக்கு. முதல்ல தலைவலின்னு கத்துனியே, இந்த வாரம் வாயே திறக்கல பார்த்தியா?"

"இந்த வாரம் நிம்மதியாத்தான் இருந்துச்சு" என்றாள் மனைவி, அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

"வாத்தியார் ஆறு மாசம் ஆகும்னாரு. மூணே வாரம்! நாளைக்கு ஆபீஸ் விழாவுல மேடையேறப் போறேன்."

"ஹெட்ஃபோனோடயா?"

"எதுக்கு? எல்லாம் கைக்கு வந்தாச்சு. இரு, இன்னொரு தடவை வாசிக்கிறேன். நீ பாட்டுக்கு டிரம்ஸ் பிளக்கைப் பிடுங்கிடாதே!"

"அதைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைச் சொருகி ஒரு வாரமாச்சுங்க."