மேட்டில் நின்ற நான்கு

"கடலைப் பார்க்க வந்துட்டு சர்ச் சர்ச்சா சுத்தணுமா? நாளைக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு, மகளோடு மணலுக்கு நடையைக் கட்டினான் கணவன்.

அவள் விடவில்லை. விடுதி வாசலில் கார் டிரைவரிடம் வரைபடத்தை விரித்தாள்.

"நாலு சர்ச்சுமே மலை மேல இருக்கே அண்ணே! அந்தக் காலத்து ஆளுங்களுக்கு முட்டி வலியே கிடையாதா?"

டிரைவர் சிரிக்கவில்லை. "கீழயும் ஒம்பது இருந்துச்சும்மா. கடல் வந்து மொத்தமா முழுங்கிடுச்சு. மேட்டுல நின்னது மட்டும்தான் தப்பிச்சுது."

"சொல்லாம கொள்ளாம வந்துடுச்சாக்கும்?"

"சொல்லிட்டுதாம்மா வந்துச்சு. முதல்ல ரொம்ப தூரம் உள்வாங்கிச்சாம். ஜனங்க சிப்பி பொறுக்க ஓடினாங்களாம்."

அவள் போன் அடித்தது. கணவன்தான்.

"சர்ச்செல்லாம் அப்புறம், சீக்கிரம் வா! கடல் எங்கயோ போயிடுச்சு. நேத்து போட்ல போன இடத்துல பாப்பா சிப்பி பொறுக்கிட்டிருக்கா!"