நிலாவில் தெரிய ஆசைப்பட்ட பல்லி

பல்லிக்கு ஒரே ஆசை. நிலாவைப் பார்க்கிறவர்கள் கூடவே தன்னையும் பார்க்க வேண்டும். தொலைநோக்கியின் முன்பக்கப் பெரிய கண்ணாடியில் காலைப் பரப்பிப் படுத்துக்கொண்டது.

"மேகம் வந்துடுச்சு போல," என்றார் மறுமுனையில் கண்ணை வைத்திருந்த செங்கோடன்.

"அண்ணே, அங்கே படுத்தா தெரியாது," என்றது குழாய்க்குள்ளிருந்த சிலந்திக் குஞ்சு. "பெரிய கண்ணாடி நிலாவைச் சுண்டைக்காயாக்கி, தலைகீழா இங்கேதான் தொங்கவிடுது. அவர் கண்ணு வச்சிருக்கிற சின்னக் கண்ணாடி இதைத்தான் ஊதிப் பெருசாக்கிக் காட்டுது."

"பொடிப்பயலே, எனக்கே பாடமா?"

சிலந்தி இழை விட்டு அந்தக் குட்டி நிலாவுக்குள் இறங்கிக் காட்டியது.

"ஐயோ, நிலாவில் பூதம்!" செங்கோடன் அலறினார். சின்னக் கண்ணாடியைக் கழற்றி, துணியை உள்ளே விட்டு ஒரே துடை.

"அந்த இடம் ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றது பல்லி, படுத்தபடியே.