கனிவான முகக்கவசம்

கார்த்திகை முதல் வாரம், மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். நர்ஸ் எமல்டா முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள். கவசத்துக்குள் எதைப் பேசினாலும், அவள் குரலிலேயே கனிவான சொற்களாக மாறி வெளியே கேட்கும். அது வந்த பிறகு வார்டில் யாரும் சண்டை போட்டதில்லை. கழற்றினால் வேலை போய்விடும்.

மூன்றாம் கட்டிலில் லாரி டிரைவர் சுடலைமுத்து நினைவில்லாமல் கிடந்தார். மனைவி பேச்சியம்மாள் அருகில் நின்றாள்.

“அக்கா, ரெண்டு நாள் தாண்டாது. மகனை வரச் சொல்லுங்க,” என்றாள் எமல்டா.

“அக்கா, அவர் அமைதியா ஓய்வெடுக்கிறார். மகனோட அன்பு எப்பவும் அவர்கூட இருக்கு,” என்றது கவசம்.

எமல்டா கத்தினாள். “செத்துருவாருக்கா!”

“இனிமே அவருக்கு வலியே இருக்காதுக்கா,” என்றது கவசம், மெதுவாக.

பேச்சியம்மாள் சிரித்தாள். “வலி போச்சுன்னாலே பாதி சீக்கு போன மாதிரி. முந்தியெல்லாம் நர்சுக எரிஞ்சு விழுவாளுக. நீ தங்கம்.”

அவள் கையிலிருந்த போனில், துபாயிலிருந்து மகன் காத்திருந்தான். எமல்டாவின் விரல்கள் கவசத்தின் நாடாவுக்குப் போயின.

“இன்னைக்கே டிக்கெட் போடவான்னு கேக்கான் தாயி. வீணா எதுக்கு, பொங்கலுக்கு வந்தாப் போதும்னு சொல்லிரட்டா?”