தொடக் கூடாத செடிகள்

அன்றும் நண்பகலில் திரையில் கோடு துள்ளியது.

சூர்யகலா மடிக்கணினியை மூடிவிட்டுச் சரிவில் ஓடினாள்.

போடிமெட்டுக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்தில், சில செடிகளின் இலைகளில் அவள் மெல்லிய வெள்ளிக் கம்பிகளைப் பொருத்தியிருந்தாள். இலையில் கைபட்டாலே செடிக்குள் ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. அதன் பின்னால், சும்மா கிடந்த மரபணுக்கள் சில விழித்துக்கொள்கின்றன. எவை விழிக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. யாரோ தினமும் மதியம் உள்ளே புகுந்து, இலைகளை உரசி, எல்லாவற்றையும் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள்.

கயிறு கட்டியாயிற்று. பலகை மாட்டியாயிற்று. அப்படியும் என்ன திமிர்?

காய் எடுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் செடிகளுக்கு நடுவே தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

“எந்திரிங்க எல்லாரும்! இங்க உட்காரக் கூடாதுன்னு பலகை மாட்டியிருக்குல்ல?”

எழுந்தார்கள். தேவி மட்டும் தரையில் கையூன்றித் தடுமாறினாள். ஏழு மாத வயிறு.

“வேற எங்க போறது ஆத்தா?” அன்னக்கொடி அவளைத் தூக்கிவிட்டபடி கேட்டாள். “சுத்திப் பூரா மருந்தடிக்கிறாய்ங்க. அந்த வாடைக்கு இவ சோறே திங்க மாட்டேங்கிறா. உங்க செடிக்கு மட்டுந்தான் அடிக்கிறதில்ல.”

உண்மைதான். தன் செடிகள்மேல் மருந்து படக் கூடாது என்று சொல்லிவைத்தவளே சூர்யகலாதான்.

கயிற்றுக்கு அப்பால் பார்த்தாள். கீழ் வரிசையில் மருந்துப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதே வரிசையில் இன்னும் சில பெண்கள், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செடிகளின் தூரோரம் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் பால்ராஜுக்குப் போன் செய்தாள். ஆட்கள் நிற்கும்போதே அடிக்கிறார்கள், கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள், நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள்.

“மேடம், அது தோட்டத்துச் சோலி. நீங்க உங்க செடியைப் பாருங்க.”

வைத்துவிட்டார்.

மறுபடியும் கூப்பிட்டாள்.

“சார், இந்தச் சரிவு பூராவும் என் ஆராய்ச்சிச் செடிதான் நிக்குது. மருந்து பட்டா எல்லாம் வீணாப் போயிரும்.”

“அடடா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? இதோ, வெரசா நிறுத்தச் சொல்றேன்.”

பம்பு நின்றது.

பெண்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள். அன்னக்கொடி வாளி மூடியில் சோறு வைத்து சூர்யகலாவிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பால்ராஜ் இரண்டாவது தடவையும் மறுத்திருந்தால்கூட, அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.