கீழே இருக்கிற சரக்கு

"உது வேண்டாம் அண்ணை, கீழை வைச்சிருக்கிற நல்ல அரிசியைக் காட்டுங்கோ" என்றபடி கோசலை காவ் என்கிற நிலவறைக்கு இறங்கும் கதவைத் திறந்துவிட்டார்.

இராஜேந்திரன் தராசை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

பரிஸ் நகரத்து ரூ காய் தெருவில் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறார். கீழே நல்ல சரக்கை ஒளித்து வைத்திருக்கிறார் என்று நம்பாத ஒரு வாடிக்கையாளரை இன்னும் காணவில்லை. ஆனால் கோசலை வாடிக்கையாளர் இல்லை. மகன் சேந்தனையும் கூட்டிக்கொண்டு, அவனுக்கு இவருடைய மகள் தர்மிளாவைப் பார்க்க வந்தவர்.

இப்போதெல்லாம் பெண் பார்ப்பது இப்படித்தான். சாமான் வாங்குவதுபோல வருவார்கள். பிடிக்காவிட்டால் முருங்கைக்காயோடு போய்விடலாம். ஒருவருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் அந்தக் காவைப் பார்த்த பிறகுதான் முருங்கைக்காயோடு போயின.

தடுப்பதற்குள் தாயும் மகனும் இறங்கிவிட்டார்கள்.

கீழே அரிசி மூட்டைகளெல்லாம் ஒரு மூலையில். மிச்ச இடம் முழுக்கச் சுவருக்குச் சுவர் பலகை. பலகை முழுக்கப் பொம்மைத் தண்டவாளம். கார் து நோர் ஸ்டேசன், தூண்களின் மேல் மெத்ரோப் பாதை, நகமளவு கடைகள், சுற்றி வரும் குட்டி றெயில்.

"இது ஆற்றை விசர் வேலை?" என்று கேட்டார் கோசலை.

"என்ரைதான்" என்றார் இராஜேந்திரன், பழைய சரக்கைப் புதிதென்று விற்கும் முகத்தோடு.

கோசலை சிரித்தார். சம்பந்திக்குப் பைத்தியம் இருந்தால் பரவாயில்லை, பெண்ணுக்கு இல்லையே என்று கணக்குப் போட்டிருப்பார்.

சேந்தன் குனிந்து பார்த்தான். "அங்கிள், இது என்ன ஸ்கேல்?"

"முதல்தரம் தம்பி. இதுக்கு மேலை பரிசிலையே இல்லை."

சேந்தன் ஒரு பொத்தானைத் தட்டினான். சுரங்கத்துக்குள் போன றெயில் வெளியே வரவில்லை. இராஜேந்திரன் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அமத்தினார். கார் து நோர் இருண்டது.

தேத்தண்ணித் தட்டோடு படியில் நின்ற தர்மிளா அரை நிமிடம்தான் பொறுத்தாள். தட்டைத் தகப்பனின் கையில் திணித்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பலகைக்குக் கீழே தவழ்ந்து போனாள்.

இதைக் கட்டிய ஆறு வருடத்தில் அவள் இராஜேந்திரனை ஒரு கம்பியைக்கூடத் தொட விட்டதில்லை.

சேந்தன் தாயைப் பார்த்தான். பிறகு கோட்டைக் கழற்றி மூட்டையில் போட்டுவிட்டு அவனும் உள்ளே தவழ்ந்தான்.

பலகைக்கு அடியில் இரண்டு குரல்கள் பிரெஞ்சில் வாக்குவாதப்பட்டன. ஒன்று சிரித்தது. றெயில் வெளியே வந்தது.

கோசலை அரிசி மூட்டையில் அமர்ந்து, பெண்ணின் தகப்பன் நீட்டிய தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"எங்கடை வீட்டிலையும் காவ் இருக்கு அண்ணை" என்றார். "ஆனா இவ்வளவு பெரிசில்லை."