பத்தாவது மீன்

“தொண்ணூத்தி மூணு மணி நேரம் முடிஞ்சிருச்சு மேடம். இன்னும் மூணே மணி நேரம். பத்தும் ஜம்முன்னு நீந்துது. வால்வைத் திறக்க ஆள் அனுப்பிடட்டுமா?”

கண்ணாடித் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் மேனேஜர்.

“பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் பேர் வைக்கலாம்” என்றார் முதலாளியம்மா.

சாய ஆலையின் சோதனை அறை அது. சுத்தம் செய்த கழிவுநீரைத் தொட்டியில் நிரப்பிப் பத்து மீன்களை விட்டிருந்தார்கள். தொண்ணூற்றாறு மணி நேரம் கழித்துக் குறைந்தது ஒன்பது மீன்கள் பிழைத்திருந்தால், அந்த நீரை ஆற்றில் விடலாம். அதுதான் சட்டம். நீர் வெளியே போனால்தான் மெஷின் ஓடும். முதல் சோதனையில் நான்கு பிழைத்தன. அடுத்ததில் ஏழு. இது மூன்றாவது.

ஆலை நின்று இரண்டு மாதமாகிறது. சம்பளம் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இப்படி ஒரு முதலாளியை மேனேஜர் பார்த்ததில்லை. அதற்காக முதலாளியே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மீனுக்குக் காவல் இருப்பதா? ‘மீன்காரம்மா’ என்று ஆலையில் பெயரே வைத்துவிட்டார்கள்.

“நாலு நாளா இங்கயே இருக்கீங்க. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் கண் அசந்துட்டு வாங்களேன்.”

“அங்க போய் யார் மூஞ்சியைப் பார்க்கிறது? இங்க பத்துப் பேராவது இருக்காங்க.”

தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னது அவர்தான். வெளிச்சத்துக்காக என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஆறு. அக்கரையில் தகரக் கூரை போட்ட ஒற்றை வீடு.

“மனுக்காரர் இன்னிக்கு வந்தாரா?”

வழக்குப் போட்டு ஆலையை நிறுத்திவிட்டு, அந்தத் தகரக் கூரையின் கீழ் தனியாகக் குடியிருப்பவருக்கு ஆலைக்காரர்கள் வைத்த பெயர் அது. மேனேஜர் வேலைக்குச் சேர்ந்ததே ஆலை நின்ற பிறகுதான். ஆளைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

“வராம இருப்பானா? விடிஞ்சதும் நம்ம குழாய் வாய்கிட்ட வந்து நின்னு மோந்து பார்த்துட்டுப் போறான். சொட்டுத் தண்ணி விடல, என்னத்த மோப்பம் பிடிக்கிறானோ!”

“இருமல் இருக்கா?”

“என்னது மேடம்?”

“போன மழையில விடாம இருமினார்னு வாட்ச்மேன் சொன்னார்.”

“அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். ஆள்தான் இளைச்சுட்டான். தானே வடிச்சுத் தின்னா உடம்பு எங்க ஒட்டும்? பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்திருந்தா இப்படி ஆத்தங்கரையில உட்கார விடுவாளா? காதைத் திருகி இழுத்துட்டுப் போயிருக்க மாட்டா?”

“போயிருக்கணும்” என்றார் முதலாளியம்மா.

மேனேஜர் சிரித்தார். எதிராளியை எப்படி எடை போடுகிறார், பெரிய ஆள்தான் என்று தோன்றியது.

“இன்னிக்குத் தண்ணி பாயும்போது அவன் முகத்தைப் பார்க்கணும் மேடம். அதுக்காகவே காத்துக்கிட்டிருக்கேன்.”

“நானும்தான்.”

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. காற்றுக் குழாய் மட்டும் தொட்டிக்குள் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஆலை வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. இன்று வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள்.

“இது ஏன் மூலையிலயே நிக்குது?” என்றார் முதலாளியம்மா திடீரென்று.

“தூங்குது போல.”

“சாய்ஞ்சுக்கிட்டா தூங்கும்?”

அவர் தொட்டியின் மேல் குனிந்தார். அந்த ஒரு மீன் செவுளை வேகமாக அடித்தது. நிமிரப் பார்த்தது. பிறகு மெல்லப் புரண்டது. வெள்ளை வயிறு மேலே வந்தது.

“இன்னும் இருபது நிமிஷம்தான்டா இருந்துச்சு” என்று மீனிடம் சொன்னார் அவர். கெஞ்சுவது போல இருந்தது அந்தக் குரல்.

கெடு முடிந்ததும் மேனேஜர் விரல் நீட்டி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

“ஒன்பது! ஒன்பது இருக்கு மேடம்! பாஸ்!”

உடனே போனை எடுத்தார். “யப்பா, வால்வுகிட்ட போய் நில்லு. மேடம் ஒரு வார்த்தை சொன்னதும் திறந்துடு.” விஷயம் எப்படித்தான் பரவியதோ, வாசலில் விசில் பறந்தது.

“திறக்க வேண்டாம்.”

மேனேஜர் போனைக் காதிலிருந்து இறக்கி முதலாளியம்மாவைப் பார்த்தார்.

“நிறம் போயிடுச்சு. உப்பு போகல. கடைசி வடிகட்டியை மாத்துங்க. மாத்திட்டு வேற பத்து மீன் விடுங்க. எல்லாருக்கும் சம்பளம் வழக்கம்போல வரும்னு நானே போய்ச் சொல்லிடறேன்.”

“மேடம், வடிகட்டி மாத்த ஒரு வாரம். மறுபடி நாலு நாள். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையலாமா? ஒன்பது போதும்னு சட்டமே சொல்லுது.”

“சட்டத்துக்குப் போதும்.”

“வேற யாருக்குப் போதாது? கேஸ் போட்ட அந்த மனுஷனே ஒன்பது போதும்னு கோர்ட்டுல தலையாட்டிட்டுப் போயிருக்கான். அவனுக்கே போதும்னா உங்களுக்கு என்ன மேடம்?”

முதலாளியம்மா அக்கரைத் தகரக் கூரையைப் பார்த்தார்.

“கோர்ட்டுல ஒன்பதுக்கு ஒத்துக்கிட்டார். ஆனா பத்தும் பிழைக்கிற அன்னிக்குத்தான் நம்ம வீட்டுப் படி ஏறுவேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கார், என் வீட்டுக்காரர்.”