அந்த அறைக்காரர்

வீட்டு இசையறையைப் படமெடுத்து அனுப்பும்படி இசைக்கலைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள். வந்து குவிந்த படங்களை மனைவி ஒவ்வொன்றாகக் காட்ட, கீபோர்டு கலைஞர் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

“ஸ்பீக்கரைச் சுவரோட ஒட்டி வச்சிருக்கான், சத்தம் அடைச்சுக்கும். இவன் ஒயரெல்லாம் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி கிடக்கு.”

அடுத்த படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இவர் விஷயம் தெரிஞ்சவர். மூணு சிந்தசைசரும் உட்கார்ந்த இடத்துலேருந்தே கைக்கு எட்டுது. மிக்ஸர் இடது பக்கம். என்னை மாதிரி இடதுகைக்காரர் போல.”

“போய் வாசிச்சுப் பார்க்கலாமா?”

“முன்னபின்ன தெரியாதவர் வீட்டுக்கா?”

“கேட்டுட்டேன். வரச் சொல்லிட்டார்.”

அவர் நல்ல சட்டையாகப் பார்த்து மாற்றிக்கொண்டார். மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்து இரண்டு தெரு சுற்றி நடத்திக் கூட்டிவந்தாள். பிறகு அதே வீட்டின் முன் நின்று, அதே சாவியால் கதவைத் திறந்தாள்.

படத்தில் இருந்தது அவருடைய அறைதான். காலையில் எடுத்து அனுப்பியவள் அவள்தான். மறதி நோய் முற்றிய இந்த ஒரு வருடமாக, ‘அடுத்தவங்க பொருள்’ என்று அவர் அந்த அறைக்குள் கால்வைக்கவே இல்லை.

செருப்பைக் கழற்றியவர் வாசலிலேயே தயங்கினார்.

“வீட்டுக்காரரைக் காணோமே. உங்களுக்கு அவரை நல்லாத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள். “முப்பது வருஷம் அவர்கூடத்தான் இருந்தேன்.”